வயிற்றோடு வருவோர் கவனத்துக்கு

"மட்டக்களப்பில் நல்ல சாப்பாட்டுக்கடை எது?" என்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வரும் குரல்பதிவுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டி. இதை ஒழுங்காக வாசிப்பவர் புளியந்தீவிலும் வாவியின் இரு கரைகளிலும் குறையில்லாமல் சாப்பிடலாம். சாப்பாடு கிடைக்காமற்போனால் யாரைக் குறை சொல்வது என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் பூகோளம். புளியந்தீவு உண்மையிலேயே தீவு. சுற்றி வாவி, ஊர்வாயில் அது ஆறு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை கரையில் நிற்கிறது. நெடுங்காலம் அதற்குள்தான் கச்சேரி நடந்தது. மிச்ச இடத்தில் பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், வங்கிகள். அதனால் பகலில் இங்கே கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கக்கத்தில் ஃபைலோடு வருவார்கள். மீதிப்பேர் கழுத்துப்பட்டி கட்டிய மாணவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நேரம் குறைவு, காசு அதைவிடக் குறைவு. இவர்களை நம்பி வளர்ந்ததுதான் இந்தத் தீவின் தேத்தண்ணிக்கடைச் சமையல்: பிளேன்ரீ, ரோல்ஸ், கட்லட், பணிஸ். மாலையில் கந்தோர்க்காரர் வீட்டுக்குக் கிளம்பியதும் பசியும் அவர்களோடு பெரிய பாலத்தைக் கடந்து கோட்டைமுனைக்கும் திருமலை வீதிக்கும் போய்விடும். புளியந்தீவில் இராச்சாப்பாடு தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, புளியந்தீவை விட்டு வெளியேறுவது.

பகலில் வந்தவர் தேத்தண்ணிக்கடை ஒழுக்கத்தைப் படிக்க வேண்டும். உட்கார்ந்ததும், கேட்காமலே, ஒரு தட்டு வரும். ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், உளுந்து வடை எல்லாம் குவிந்திருக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் இதை ஊரின் விருந்தோம்பல் என்று எண்ணிக் கண்கலங்குவதுண்டு. கலங்கலாம், எண்ணிக்கொண்டே கலங்க வேண்டும். தின்றதற்குத்தான் காசு, தொடாதது அடுத்த மேசைக்குப் போகும். தொடாதது என்பதற்கு இங்கே எல்லை கொஞ்சம் அகலம். ஒரு ரோல்ஸை எடுத்து, சூடு இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பது சட்டத்துக்கு உட்பட்ட செயல்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அடியில் இருப்பதை எடுப்பார்கள். விவரம் தெரிந்த எல்லாரும் அடியில் இருப்பதையே கிளறிக்கொண்டிருப்பதால், உண்மையில் ஒருவரும் கை வைக்காதது மேலே இருப்பது. அதை எடுங்கள்.

பிளேன்ரீக்குச் "சீனி குறைய" என்று சொன்னால் சொன்ன மரியாதைக்காகக் கால் கரண்டி குறையும். "சீனி வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சலரோகம் என்று அந்த நொடியே கடையில் முடிவாகிவிடும். பக்கத்து மேசைக்காரர் பாகற்காய்ச் சாறு பற்றிச் சொல்வார், காசாளர் தன் மாமனாரின் கால்விரல் பற்றிச் சொல்வார். தேத்தண்ணி ஆறிவிடும். கை துடைக்கப் பழைய பத்திரிகையை வெட்டி வைத்திருப்பார்கள். துடைக்குமுன் வாசித்துவிடுங்கள்; மரண அறிவித்தலாக இருந்தால் தெரிந்தவராகவும் இருக்கக்கூடும்.

எந்தக் கடைக்குப் போவது என்று கைப்பேசியைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. உலகத்தின் பெரிய சமையற்காரர்கள் எல்லாம் நட்சத்திரத்துக்காக நடுங்கும் மிச்செலின் கையேட்டை 1900இல் தொடங்கியது ஒரு பிரெஞ்சு டயர்க் கொம்பனி. ஆட்கள் காரில் தூரம் போனால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கலாம். எங்கள் ஓட்டோக்காரர் இந்தத் தத்துவத்தை இன்னும் நேராகப் பின்பற்றுகிறார். நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டால் அவர் காட்டும் இடம் எப்போதும் நாலைந்து கிலோமீற்றர் தள்ளித்தான் இருக்கும். "நீங்க எங்க அண்ணன் தின்னுற?" என்று கேட்டுப் பாருங்கள். அது நீங்கள் ஏறிய இடத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருக்கும். அதையும் அவர் உங்களை இறக்கிவிட்ட பிறகுதான் சொல்வார்.

அந்த ஒழுங்கைச் சோத்துக்கடைக்கு அலங்காரம் கிடையாது. பீங்கானுக்கு மேல் லஞ்ச் ஷீட், அதன்மேல் நாட்டரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், கீரைச்சுண்டல், சம்பல், மேலே ஊற்றப் பாலாணம். மீனா, கோழியா, முட்டையா, வெறும் மரக்கறியா என்பதைப் பொறுத்துத்தான் விலை. சோறும் கறியும் கேட்கக் கேட்க வரும், கேட்காவிட்டாலும் வரும். போதும் என்று வாயால் சொல்வது செல்லுபடியாகாது. பீங்கானுக்கு மேல் கையை விரித்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விரல் இடுக்கில் பருப்பு விழும். பன்னிரண்டரைக்குப் போனவருக்கு எல்லாம் உண்டு. ஒன்றரைக்குப் போனவருக்கு, "மீன் முடிஞ்சிட்டு மனே, நாளைக்கி வெள்ளண வாங்க" என்ற பதில். முதலாளி முகத்தில் துளி வருத்தம் இருக்காது. காலையில் தோணியிலிருந்து வந்தது பகலில் தீர்ந்தால் அது கடையின் கீர்த்தி. மூன்று மணிக்கும் தாராளமாக மீன் இருக்கும் கடையைக் கண்டால்தான் அஞ்ச வேண்டும்.

ஆகவே எங்கே என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்த ஊரில் எப்போ என்று கேட்பவர் சாப்பிடுவார். எங்கே என்று மட்டும் கேட்பவர் ஃபிரைட் ரைஸ் தின்பார்.

நண்டை எடுத்துக்கொள்வோம். கனடாவிலிருந்து இரண்டு கிழமை விடுமுறையில் வந்தவர் ஆத்து நண்டு தின்னாமல் போவதில்லை என்று சபதம் போட்டு, வெள்ளிக்கிழமையைக் குறிக்கிறார். வெள்ளி என்றால் மாமி வீட்டில் மரக்கறி. நண்டு என்ற பேச்சே சமையலறைக்குள் நுழையாது. சரி, காத்தான்குடிப் பக்கம் போவோம் என்றால் ஜும்ஆ நேரம், கடைகளின் கதவு சாத்தியிருக்கும். அடுத்த நாள் புரட்டாதிச் சனி. அதற்கடுத்து யாரோ ஒரு தாத்தாவின் திவசம். பிறகு பூரணை: இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் அரசாங்கமே மூடிவிடும், நண்டைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆனால் நிலவுக் காலத்தில் நண்டுக்குள் சதை இராது என்று தோணிக்காரர் சொல்லிவிடுவார். அதற்கு மேல்முறையீடு இல்லை. எல்லாத் தடையும் நீங்கிய நாளில் நண்டு சிங்கப்பூருக்குப் போயிருக்கும். இது பகிடி இல்லை. சிங்கப்பூரின் மிளகாய் நண்டுக்கு இலங்கைச் சேற்று நண்டைத்தான் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அங்கே போகாத பெரிய நண்டு கொழும்புக்குப் போகும். 2011இல் மகேலவும் சங்கக்காரவும் பங்காளிகளாக இருந்து தொடங்கிய நண்டு உணவகம் அங்கே பழைய ஒல்லாந்தர் ஆசுபத்திரிக் கட்டடத்தில் நடக்கிறது. ஒல்லாந்தர் பிடித்த எங்கள் கோட்டைக்குக் கச்சேரி, கொழும்பில் கட்டிய ஆசுபத்திரிக்கு நண்டு. என்ன பங்கீடோ!

வழி உண்டு. ஏற்றுமதிக்காரர் ஒரு கால் ஒடிந்த நண்டை எடுப்பதில்லை. அந்த ஊனமுற்ற நண்டுதான் உள்ளூரில் நிற்கும். சுவைக்குக் காலா முக்கியம்? விடியற்காலையில் போய் அதைக் கேட்டு வாங்கி, முருங்கையிலை போட்டு ஆக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பகல்வரை அந்த வீட்டுத் திண்ணையை விட்டு அசையாதீர்கள்.

பாடும் மீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கும் அனுபவத்தை எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஆனால் மறுநாள் கடையில் உட்கார்ந்து, அந்த மீனில் ஒரு பொரியல் கிடைக்குமா என்று கேட்கக் கூடாது. 1848இல் இங்கே வந்து அந்த ஓசையைக் கேட்டு எழுதிவைத்த எமர்சன் தெனன்ற் துரையிடமே, பாடுவது மீனல்ல, ஊரி என்னும் சிப்பி என்றுதான் தோணிக்காரர் சொன்னார்கள். பாடுவது எதுவாக இருந்தாலும் பொரிபடுவது வேறு. கேட்டால், வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று விளங்கிக்கொண்டு, இருக்கிற மீனில் ஒன்றைப் பாடகர் என்று சொல்லியே கொண்டுவந்து வைப்பார்கள்.

இனி பழங்கள். கடையில் கிடைக்காதவை இவைதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெயில் முற்றும் காலத்தில், காட்டுப்பக்கம் போய்வருகிறவர்கள் பாலைப்பழத்தைக் கொண்டுவந்து வீதியோரம் அளந்து விற்பார்கள். மஞ்சளாய், விரல்நுனி அளவில், தேன் ஊறிய பழம். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கை நிறையத் தின்றவரால் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பேச முடியாது. இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். அரசியல் பேசும் மாமாக்கள் உள்ள குடும்பத்தினர் அப்படி நினைப்பதில்லை. தேங்காயெண்ணெய் தடவினால் போகும். யாருக்கு எப்போது தடவிவிடுவது என்பது வீட்டாரின் விருப்பம். நாவற்பழம் வரும் காலத்தில் வேறு விதமான கவனம் தேவை. தின்னவில்லை என்று பொய் சொல்ல முடியாது, நாக்கு ஊதா நிறத்தில் சாட்சி சொல்லும். பிறகு பனம்பழம், பனங்காய்ப் பணியாரம். பெட்டிக்கடைக் கண்ணாடிக்குள் அது வருடம் முழுக்க இருக்கிறதே என்று கேட்பவர், அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது எந்த வருடத்துப் பணியாரம் என்றும் கேட்க வேண்டும்.

பெரும்போக அறுவடை முடிந்து புது அரிசி வரும் மாசி, பங்குனியில் வந்தவர் கொடுத்து வைத்தவர். அந்தச் சோற்றுக்கு ஒரு சம்பலும் பாலாணமும் போதும். கூனி வறுத்துப் போட்டால் பக்கத்து வீட்டிலும் பசி எடுக்கும். மார்கழி மழைக்குள் வந்தவருக்கு அனுதாபம். கடல் கொந்தளிக்கும், வயலுக்குள் வெள்ளம், முகத்துவாரம் வெட்டினார்களா இல்லையா என்பதே ஊரின் ஒரே பேச்சு. கருவாட்டின் அருமை அப்போதுதான் தெரியும். எரிச்ச கருவாடும் பழஞ்சோறும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை, ஆனாலும் மழை நாளில் ஊரின் பாதி அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

ஒரு சதமும் செலவில்லாமல் சாப்பிட விரும்புவோர் வைகாசியில் வரவும். கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, குளிர்த்தி முடியும்வரை ஊருக்கு ஊர் சடங்கு. புக்கை வாங்க வரிசையில் நிற்கும்போது நீங்கள் டொக்டரா, எஞ்சினியரா என்பது எடுபடாது. இலை நீட்டியவருக்கு அகப்பையில் விழும், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம். தீர்த்தம் ஆடியவர்களுக்கு முன்னோர் ஞாபகம். கூட வந்த பிள்ளைகளுக்குக் கச்சான் கடை ஞாபகம். கச்சானை வாங்குமுன் நாலு கடையில் "ருசி பார்க்கிறேன்" என்று ஒவ்வொரு பிடி தின்றுவிட்டு ஐந்தாவது கடையில் கால் கிலோ வாங்குவது தொன்றுதொட்டு வரும் முறை. ஐந்தாவது கடைக்காரருக்கும் அது தெரியும். அவருடைய அளவையும் அதற்கேற்றபடி இருக்கும்.

புரியாணிக்குத் தெற்கே போக வேண்டும். கல்லடி தாண்டி, நடுவீதியில் பேரீச்ச மரம் தெரிந்ததும் அது காத்தான்குடி. கடைப் புரியாணி நல்லதுதான். ஆனால் கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி நாலைந்து பேர் சம்மணம் கட்டி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுத் தின்னும் சோறு வேறு சாதி. அதற்கு அழைப்பு வேண்டும். அழைப்புக்குச் சிநேகிதம் வேண்டும். சிநேகிதத்துக்கு வருடக் கணக்கில் தேத்தண்ணி குடிக்க வேண்டும். சஹனில் உங்கள் பங்கு உங்களுக்கு நேரே உள்ள பகுதி மட்டும். எதிரில் இருப்பவரின் எல்லைக்குள் கிடக்கும் இறைச்சித் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவரே இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். பார்வையில் கொஞ்சம் ஏக்கம் இருக்கட்டும், அதிகம் வேண்டாம். முடிவில் வட்டிலப்பம் வரும் என்று தெரிந்து, முதலிலேயே வயிற்றில் இடம் ஒதுக்கியவர்தான் அனுபவசாலி. நோன்பு மாதத்தில் பகலில் அந்தப் பக்கம் பசியோடு அலையாதீர்கள். பொழுது சாய்ந்த பின் போய்க் கஞ்சியும் சமோசாவும் கேளுங்கள்.

பாசிக்குடா உல்லாச விடுதிகளுக்கும் போகலாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து பசி வரவழைத்துக்கொண்டு பஃபே மேசைக்குத் திரும்பினால், காரம் நீக்கிய மீன்கறி வெள்ளைத் துணி விரிப்பில் காத்திருக்கும். சமையற்காரப் பையன்கள் தங்களுக்கென்று பின்னால் ஒரு சட்டியில் ஆக்கிவைப்பதன் வாசம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

இரவில் கொத்து. கல்லில் இரண்டு தகடு மோதும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். அதை விளம்பரம் என்றும் சொல்லலாம், தொல்லை என்றும் சொல்லலாம். டொல்பின் கொத்தில் டொல்பின் இல்லை, பயப்பட வேண்டாம். கொத்துச் சத்தத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் முறைப்பாடு செய்யாதீர்கள். யுத்தக் காலத்தில் பொழுதுபட்டதும் கடை சாத்தி, விளக்கை அணைத்து, வீதியில் நாய் குரைத்தால் யாருக்காக என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இராப் பத்து மணிக்கு ஒருவன் ரொட்டி கொத்துகிறான் என்றால் அவர்களுக்கு அது இதமான சத்தம். இன்னொன்று: கல்லடி, நாவலடி, டச்பார் பக்கத்தில் யாராவது கடல் மீன் வேண்டாம் என்று மெல்லச் சொன்னால் காரணம் கேட்காதீர்கள், வற்புறுத்தாதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மாதக் கணக்கில் மீன் சட்டி அடுப்பில் ஏறாத வீடுகள் இந்தக் கரையில் இருந்தன. மீனையே தொழிலாகக் கொண்டவர்களும் மரக்கறி தின்ற காலம் அது. சிலர் திரும்பவும் தொடவே இல்லை.

மிகவும் ஆபத்தான சாப்பாட்டை, அதாவது சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டை, கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒரே நாளில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் நாலு பகல் சாப்பாட்டுக்குத் தயாராக வேண்டும். பெரியம்மா வீட்டில் தின்றுவிட்டேன் என்பதைக் காரணமாகச் சொன்னால் மாமிக்கு அது போர்ப்பிரகடனம். "ஏன் மனே, மாமிட சோறு புடிக்கல்லியா?" என்ற கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு, அதைச் சோற்றால் சொல்ல வேண்டும். வயிறு சரியில்லை என்று தப்பப் பார்த்தால் மல்லித்தண்ணி அவித்துத் தருவார்கள், வயிறு சரியாகும், பிறகு சோறு போடுவார்கள். நடைமுறையில் பலன் தரும் வழி இதுதான்: முதல் வீட்டுக்குக் காலைத் தேத்தண்ணி நேரத்தில் போய், சோறு ஆகுமுன் எழும்பிவிடுவது. இரண்டாம் வீட்டில் உண்மையாகத் தின்பது. மூன்றாம் வீட்டுக்குப் பகல் தூக்க நேரத்தில் போவது. யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள், ஆனால் மனம் நோகாமல் பார்சல் கட்டித் தருவார்கள். நாலாம் வீட்டுக்கு அந்தப் பார்சலைக் கொண்டுபோகக் கூடாது. கறியைப் பார்த்தே யார் ஆக்கியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாகத் தயிர். எருமைப்பால் தயிர், மண்முட்டியில் உறைந்து, தண்ணீரை மண் குடித்துவிட, கத்தியால் வெட்டும் பதத்தில் இருக்கும். முட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று விற்பவர் சொல்வார், கவிழ்த்தும் காட்டுவார். அவர் காட்டினால் போதும். வெள்ளைச் சேர்ட்டோடு நீங்கள் அதைச் செய்துபார்க்க வேண்டாம். தேனும் அங்கேயே போத்தலில் நிற்கும். அசல் காட்டுத் தேனா என்று கேட்டால் ஆம் என்ற பதிலே வரும், அதனால் கேட்டுப் பயனில்லை. தெரிந்தவர் யாராவது வாகரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து தந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சீனி போட்டுத் தின்னுங்கள்.

கொழும்பில் இருக்கும் சித்திக்கு ஒரு முட்டி கொண்டுபோவது கட்டாயம். காலையில் புறப்படும் உதயதேவியில் அதை மேல் தட்டில் வைத்தால் கீழே இருப்பவரின் தலையில் சொட்டும், ஆசனத்துக்குக் கீழே வைத்தால் கால் படும். மடியில்தான் வைத்திருக்க வேண்டும். கோச்சி பகல் முழுக்க ஓடும், தயிரும் பகல் முழுக்கப் புளிக்கும். வாழைச்சேனையில் தேவாமிர்தம், மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது நல்ல தயிர், மாகோவில் ரசத்துக்கு உதவும், மருதானையில் இறங்கும்போது பக்கத்து ஆசனக்காரர் மன்னிப்பாரா என்பதே கேள்வி. ஆகவே பொலன்னறுவைக்கு முன்னால் முட்டியைத் திறந்து, எதிரில் இருப்பவர்களுக்கும் கொடுத்துத் தின்றுவிடுவதே முறை. கரண்டி மறக்க வேண்டாம். சித்தியிடம் முட்டி வழியில் உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள். அவ நம்பமாட்டா, அவவும் இந்தக் கோச்சியில் வந்தவதான்.